முதலாம் தளத்துக்கு ஓடிய மனிதன்

பேஸ்போல் நான் வளர்ந்த விளையாட்டு அல்ல. எங்கள் பாடசாலையில் கிரிக்கெட் இருந்தது, கரப்பந்து இருந்தது, வலய மட்டப் போட்டிகள் நெருங்கினால் எல்லே இருந்தது. ஊடகக் கற்கையின் இறுதியாண்டில் பழைய ஒளிபரப்புகள் எப்படித் தொலைந்தன, எவை எப்படித் தப்பின என்று ஒரு கட்டுரை எழுதவேண்டி வந்தபோதுதான், 1960ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரில் நடந்த ஒரு பேஸ்போல் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பேஸ்போலின் ஆகச் சிறந்த இறுதியாட்டம் எது என்று கேட்டால் பலர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஏறத்தாழ ஐம்பது வருடங்களாக அதன் முழு ஒளிப்பதிவு எவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆட்டங்களைச் சேமித்து வைப்பதில்லை.

அது தப்பியது ஒரு மூடநம்பிக்கையால். பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பி பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணியின் பங்காளிகளில் ஒருவர். தான் பார்த்தால் அணி தோற்றுவிடும் என்ற பயத்தில் பாரிஸுக்குப் போய் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார். வென்றால் பிறகு பார்க்கலாம் என்று, தொலைக்காட்சித் திரையை அப்படியே படச்சுருளில் பதிவுசெய்ய ஆள் வைத்திருந்தார். ஐந்து சுருள்கள். கிராஸ்பி 1977இல் இறந்துபோனார். 2009 டிசெம்பரில் கலிபோர்னியாவில் உள்ள அவருடைய வீட்டின் வைன் நிலவறையில், வேறு ஏதோ தேடப் போனவரின் கையில் அவை அகப்பட்டன.

எல்லே ஆடியவர்களுக்கு இந்த விளையாட்டில் பாதி ஏற்கனவே தெரியும். அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். எல்லேயில்போல ஓடுபவர்மீது பந்தை எறிவதில்லை. நிலத்தில் உருண்ட பந்தை எடுத்து, அடித்தவர் முதலாம் தளத்தை மிதிப்பதற்கு முன் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அவர் ஆட்டமிழந்தார். மூவர் ஆட்டமிழந்தால் அந்த அணியின் முறை முடிந்தது. இப்படி ஒன்பது இனிங்ஸ். உலகத் தொடர் என்று அவர்கள் அழைக்கும் சம்பியன் தொடரில் ஏழில் நான்கை வெல்லவேண்டும். அன்று நடந்தது ஏழாவது ஆட்டம்.

முதல் ஆறு ஆட்டங்களைப் பார்த்த எவரும் பிட்ஸ்பேர்க் அங்கு வரை வந்ததையே நம்பியிருக்க மாட்டார்கள். நியூயோர்க் யாங்கீஸ் தான் வென்ற மூன்று ஆட்டங்களையும் 16-3, 10-0, 12-0 என்று வென்றிருந்தது. பைரேட்ஸ் தன் மூன்றையும் இரண்டு மூன்று ஓட்டங்கள் வித்தியாசத்துக்குள் எப்படியோ தட்டி எடுத்திருந்தது. முழுத் தொடரையும் கூட்டினால் யாங்கீஸ் 55 ஓட்டங்கள், பைரேட்ஸ் 27. பிட்ஸ்பேர்க் உருக்காலைத் தொழிலாளர்களின் ஊர். கடைசியாகச் சம்பியன் ஆனது 1925இல். 36,683 பேர் அன்று மைதானத்தில் இருந்தார்கள்.

ஆட்டத்தை முழுவதும் விபரிக்கப்போவதில்லை. பைரேட்ஸ் 4-0 என்று முன்னால் போனது, யாங்கீஸ் துரத்தி வந்து கடந்து, எட்டாவது இனிங்ஸின் முதற்பாதி முடியும்போது 7-4 என்று நின்றது. அங்கிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

பைரேட்ஸின் பில் வேர்டன் அடித்த சாதாரண உருள்பந்து, கட்டாந்தரையில் எதிலோ பட்டுத் துள்ளி, யாங்கீஸ் களத்தடுப்பாளர் டோனி கூபெக்கின் தொண்டையில் அடித்தது. அவரை மைதானத்திலிருந்து வெளியே கொண்டுபோனார்கள். ஓர் ஓட்டம் வந்தது, 7-5. பிறகு இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள். இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஓடத் தயாராக ஆட்கள். இன்னும் ஒருவர் வீழ்ந்தால் எல்லாம் முடிந்தது. அடிக்க வந்தவர் ரொபேர்ட்டோ கிளெமென்டே, வயது 26.

அவர் அடித்த பந்து நல்ல அடியே இல்லை. மட்டையின் நுனியில் பட்டதுபோல நிலத்தில் மோதி, மெதுவாகத் துள்ளித் துள்ளி முதலாம் தளத்தின் பக்கம் போனது. யாங்கீஸின் ஸ்கௌரன் பந்தை எடுத்துவிட்டார். தளத்துக்கு ஓடிவந்து அதை வாங்கவேண்டியவர் பந்து வீசிய ஜிம் கோட்ஸ். அவர் சற்றுப் பிந்திவிட்டார். பந்து எப்படியும் மூன்றாவது ஆட்டமிழப்புத்தான் என்று நினைத்தாரோ என்னவோ. கிளெமென்டே அப்படி நினைக்கவில்லை. கைகால்கள் நாலாபக்கமும் பறக்க, ஏதோ ஒன்று அவரைத் துரத்துவதுபோல ஓடினார். ஸ்கௌரன் எறிய ஆளில்லாமல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேர்டன் ஓட்டம் எடுத்தார். 7-6.

அடுத்து வந்த ஹால் ஸ்மித் பந்தை மதிலுக்கு மேலால் அனுப்பி மூன்று ஓட்டங்கள் எடுத்தார். 9-7. யாங்கீஸ் ஒன்பதாவதில் மீண்டும் சமப்படுத்தியது, 9-9. கடைசிப் பாதியில் முதலாவதாக அடிக்க வந்த பில் மசெரோஸ்கி இடதுபக்க மதிலுக்கு மேலால் ஒரு ஹோம்ரன். மைதானத்து மணிக்கூட்டில் பிற்பகல் 3.36. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் ஹோம்ரன் ஒன்றுடன் முடிந்தது அதுவரை இல்லை.

ஏன் இது சிறந்த ஆட்டம் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மசெரோஸ்கியின் அந்த அடி. முன்னிலை கைமாறிக்கொண்டே இருந்தது. அடிப்பவர் மூன்று தடவை தவறவிட்டு வெளியேறுவதை ஸ்ட்ரைக் அவுட் என்பார்கள், அப்படி ஒன்றுகூட நடக்காத ஒரே உலகத் தொடர் ஆட்டம் இது. எல்லாம் உண்மை. எனக்கோ அந்தச் சுருளில் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுவது கிளெமென்டே ஓடும் சில விநாடிகள். கூபெக்கின் தொண்டையில் பட்டது அதிர்ஷ்டம். ஹோம்ரன்கள் திறமை. இந்த ஓட்டம் இரண்டிலும் சேராது. அடித்தவர் பாதிவழியில் வேகத்தைக் குறைத்திருந்தாலும் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கோட்ஸும் வந்து சேர்ந்திருப்பார். ஸ்மித் அடிக்க வந்திருக்கவே மாட்டார். மசெரோஸ்கிக்கு 9-9 என்று ஒரு ஒன்பதாவது இனிங்ஸ் கிடைத்திருக்காது.

அந்த ஓட்டத்தை ஓடியவர் யார் என்று தேடப்போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

ரொபேர்ட்டோ கிளெமென்டே 1934 ஓகஸ்ட் 18ஆம் திகதி புவேர்ட்டோ ரிக்கோத் தீவில், கரோலினா என்ற ஊரில் பிறந்தவர். தகப்பன் கரும்புத் தோட்டத்தில் கங்காணி. வீட்டில் கடைக்குட்டி. பாடசாலைக் காலத்தில் ஈட்டி எறிந்தவர், பின்னாளில் எல்லையோரத்திலிருந்து பந்தை எறிந்து ஓடுபவர்களை நடுங்கவைத்த கை அங்கேதான் உருவானது என்பார்கள். அந்தத் தீவு அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்டது. மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள், ஆனால் தீவில் இருக்கும்வரை ஜனாதிபதித் தேர்தலில் வாக்கில்லை. அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த அரைகுறை நிலை தொடர்ந்தது. குடிமகன், ஆனால் அந்நியன். கறுப்பர், அதற்கு மேல் ஸ்பானிய மொழி பேசுபவர்.

புரூக்ளின் டொட்ஜர்ஸ் 1954இல் 10,000 டொலர் கொடுத்து ஒப்பந்தம் செய்து, மொன்றியலில் உள்ள கீழ்நிலை அணிக்கு அனுப்பி, பெரும்பாலும் வெளியே உட்காரவைத்தது. அந்த வருட இறுதியில் பைரேட்ஸ் அவரைத் தெரிவுசெய்தது. பைரேட்ஸ் அப்போது கடைசி இடத்தில் கிடந்த அணி. அதே காலத்தில் ஊரில் ஒரு வாகன விபத்தில் முதுகில் அடிபட்டது. அந்த வலி சாகும்வரை போகவில்லை. வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் பத்திரிகைகள் அவரை நோய் நடிப்பவர் என்று எழுதின. அவர் தன் ஆட்டவாழ்வில் 2,400க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்.

வருடா வருடம் பருவத்துக்கு முன்னரான பயிற்சி புளோரிடாவில். அங்கே வெள்ளையர்கள் ஹோட்டலில் தங்க, கறுப்பு வீரர்களுக்கு நகரின் மறுபக்கத்தில் வீடுகள். பயணத்தில் உணவகத்தில் பஸ் நின்றால் வெள்ளை வீரர்கள் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குள் இருக்கும் மற்றவர்களுக்குப் பொதி கட்டிக்கொண்டு வருவார்கள். கிளெமென்டே அதை வாங்க மறுத்தார், தன்னுடன் இருந்தவர்களையும் வாங்கவேண்டாம் என்றார். கறுப்பு வீரர்கள் தனியாகப் போய்வர ஒரு வாகனம் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டார்.

பத்திரிகையாளர்களைப் பற்றியும் சொல்லவேண்டும், அது என் தொழில். அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்புப் பிழைகளோடு அப்படியே அச்சிட்டுச் சிரித்தார்கள். அவருடைய பெயர் ரொபேர்ட்டோ என்று எத்தனை முறை சொல்லியும் பொப் என்றே எழுதினார்கள். சிறுவர்கள் சேர்க்கும் வீரர் அட்டைகளில் 1969 வரைக்கும் பொப் கிளெமென்டேதான். என் அப்பாவின் பெயர் என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அவருடைய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. எழுதியவருக்கு அது சின்னப் பிழை. திருத்தப் போய் வரிசையில் நின்றவருக்குத் தெரியும்.

1960 தொடரின் ஏழு ஆட்டங்களிலும் கிளெமென்டே குறைந்தது ஒரு முறையாவது வெற்றிகரமாக அடித்துத் தளம் சேர்ந்திருந்தார். அந்தப் பருவத்தில் அணியில் அதிக ஓட்டங்களுக்கு வழிசெய்தவரும் அவர்தான், 94. ஆனால் வருடத்தின் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் எழுத்தாளர்கள் அவருக்கு எட்டாவது இடம் கொடுத்தார்கள். முதலிரண்டு இடங்களும் அதே அணியின் வேறு இருவருக்குப் போயின. அது அவருக்கு ஆறாத காயமாக இருந்தது. சற்று அதிகமாகவே மனதில் வைத்திருந்தார் என்று எழுதியவர்களும் உண்டு. இருக்கலாம். அவர் எளிதில் கோபப்படுபவர், பெருமை உள்ளவர், தன் திறமையைத் தானே சொல்லத் தயங்காதவர். அடக்கமான தியாகியாக அவரைக் காட்டும் சித்திரக் கதைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகு நான்கு முறை லீக்கின் சிறந்த அடிப்பாளர், 1966இல் ஒருவழியாகச் சிறந்த வீரர், களத்தடுப்புக்காகப் பன்னிரண்டு தங்கக் கையுறைகள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, அவருடைய இறுதிக்கிரியைகள் முடியும்வரை ஆடமாட்டோம் என்று பைரேட்ஸின் கறுப்பு வீரர்கள் முடிவெடுத்தார்கள். முன்னால் நின்றவர்களில் கிளெமென்டே ஒருவர். பருவத்தின் தொடக்க ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

1971இல் பைரேட்ஸ் மீண்டும் உலகத் தொடருக்கு வந்தது. எதிரணி போல்டிமோர் ஓரியோல்ஸ், அந்தக் காலத்தின் மிகப் பலமான அணி. முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தின் ஏழாவது இனிங்ஸில் கிளெமென்டே அடித்த பந்து பரிதாபமாக உருண்டு நேரே பந்து வீசிய குவெய்யாரின் கைக்கே போனது. சாவகாசமாக எடுத்து எறியவேண்டிய பந்து. நிமிர்ந்து பார்த்தவர், 37 வயதுக்காரர் ஒருவர் தலைதெறிக்க ஓடுவதைக் கண்டு பதறிப் பந்தைப் பிழையாக எறிந்துவிட்டார். தளத்தில் இருவர் சேர்ந்தபின் பொப் ரொபேர்ட்சன் ஹோம்ரன் அடித்தார். 5-1. தொடர் அங்கே திரும்பியது.

பதினொரு வருட இடைவெளியில் அதே மனிதர், அதே செத்த பந்து, அதே ஓட்டம். முதலாவதைத் தற்செயல் என்று சொல்லியிருக்கலாம்.

அந்தத் தொடரிலும் ஏழு ஆட்டங்களிலும் அடித்தார். சராசரி .414. அதாவது பத்துத் தடவைகளில் நான்குக்கு மேல், மூன்று என்றாலே பெரிய விடயம். ஒக்டோபர் 17ஆம் திகதி ஏழாவது ஆட்டத்தில் முதல் ஓட்டம் அவருடைய ஹோம்ரன், முடிவு 2-1. ஆட்டமாகப் பார்த்தால் 1960 பெரியது. ஒரு மனிதரின் ஆட்டமாகப் பார்த்தால் இதற்கு ஈடில்லை. இந்தத் தடவை தொடரின் சிறந்த வீரர் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. உடைமாற்றும் அறையில் ஒலிவாங்கி நீட்டப்பட்டபோது, அமெரிக்கா முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முதலில் ஸ்பானிய மொழியில் தன் தாய் தகப்பனிடம் ஆசி கேட்டார். பிறகுதான் ஆங்கிலம்.

1972 செப்டெம்பர் 30ஆம் திகதி தன்னுடைய 3,000ஆவது வெற்றிகரமான அடியை அடித்தார். அதுவரை பத்துப் பேர் மட்டுமே தொட்ட எண். அந்த எண்ணிக்கை அதன்பின் கூடவில்லை.

அந்த வருடக் கடைசியில் புவேர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணியைக் கூட்டிக்கொண்டு நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவுக்குப் போயிருந்தார். கால்களை இழந்த ஒரு சிறுவனை அங்கே கண்டு, செயற்கைக் கால்களுக்கு ஒழுங்குசெய்துவிட்டு ஊர் திரும்பினார். டிசெம்பர் 23ஆம் திகதி பூகம்பம் மனாகுவாவைத் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கிளெமென்டே நத்தார் நாட்களை சான் ஹுவான் நகரின் மைதானமொன்றில் நிவாரணப் பொருட்கள் சேர்ப்பதில் கழித்தார். அனுப்பிய பொருட்களை சொமோசாவின் படையினர் அபகரிக்கிறார்கள், மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்ற செய்தி வந்தது. நிவாரணத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தான் கூடப் போனால் தன் முகத்துக்காகவாவது கைவைக்கமாட்டார்கள் என்று எண்ணி, அவரே ஏறினார்.

விமானம் ஒரு பழைய டிசி-7. அதே மாதத் தொடக்கத்தில் தரையில் ஓடும்போதே விபத்துக்குள்ளாகியிருந்தது. அனுமதிக்கப்பட்ட நிறையைவிட 4,000 இறாத்தலுக்கும் அதிகமாக ஏற்றியிருந்தார்கள். 1972 டிசெம்பர் 31, புதுவருடத்துக்கு முந்தைய இரவு, ஒன்பது மணிக்குப் பிறகு சான் ஹுவானிலிருந்து கிளம்பிச் சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. ஐந்து பேர். கிளெமென்டேக்கு வயது 38. மனைவி வேராவும் மூன்று சின்ன மகன்களும் இருந்தார்கள்.

நாட்கணக்கில் கடற்கரையில் சனம் நின்றது. விமானியின் உடல் கிடைத்தது. கிளெமென்டேயின் உடல் கிடைக்கவே இல்லை. பைரேட்ஸ் அணியினர் நினைவுத் திருப்பலிக்காக பிட்ஸ்பேர்க்கிலிருந்து வந்திருந்தார்கள். அவருடைய நெருங்கிய நண்பர் மனி சங்கியென் அதில் இல்லை. அவர் சுழியோடிகளுடன் கடலுக்குள் இருந்தார்.

இந்தக் கதையை என் சித்தியிடம் சொன்னேன். அவவுக்கு பேஸ்போல் என்றால் என்னவென்று தெரியாது. முடியும்வரை கேட்டுவிட்டு, பெட்டி வைத்துத் திருப்பலி செய்தார்களா, வெறுமனே செய்தார்களா என்று மட்டும் கேட்டா. இரண்டும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். அவர் எந்த விமானத்தில் ஏறினார், அது எங்கே விழுந்தது என்பதெல்லாம் வேராவுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்த அளவுகூடத் தெரியாது. ஆனாலும் சித்தி கேட்ட கேள்வியை அதுவரை நான் வாசித்த எந்த விளையாட்டுக் கட்டுரையும் கேட்டிருக்கவில்லை.

வேராவும் மற்றவர்களின் குடும்பங்களும் அமெரிக்க அரசுமீது வழக்குப் போட்டார்கள். அந்த விமானம் பறக்கத் தகுதியற்றது என்று அதிகாரிகள் எச்சரித்திருக்கவேண்டும் என்பது வாதம். முதல் நீதிமன்றம் குடும்பங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், எச்சரிக்கும் கடமை அதிகாரிகளுக்கு இருக்கவில்லை என்று அதை மாற்றியது. குடும்பங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வேரா அதன்பிறகும் பல வருடங்கள், ஏழைப் பிள்ளைகள் விளையாடுவதற்காகக் கணவர் கனவுகண்ட விளையாட்டு நகரைக் கரோலினாவில் நடத்திவந்தார். 2019இல் காலமானார்.

பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற ஓய்வுக்குப் பின் ஐந்து வருடங்கள் காத்திருக்கவேண்டும். கிளெமென்டேக்காக அந்த விதியைத் தளர்த்தி 1973இலேயே சேர்த்தார்கள், 424 வாக்குகளில் 393. லத்தீன் அமெரிக்காவிலிருந்து சென்ற முதலாமவர். வெண்கலத் தகட்டில் ரொபேர்ட்டோ வோக்கர் கிளெமென்டே என்று பொறித்தார்கள். வோக்கர் தாயின் குடும்பப் பெயர், ஸ்பானிய வழக்கப்படி அது கடைசியில் வரவேண்டும். தகட்டை மாற்ற 2000ஆம் ஆண்டு வரை எடுத்தது.

பழைய மைதானம் இப்போது இல்லை, மதிலின் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு ஒக்டோபர் 13ஆம் திகதியும் பிட்ஸ்பேர்க் சனம் அதன் அடியில் கூடி, 1960 ஆட்டத்தின் வானொலி வர்ணனையை முதலிலிருந்து போட்டுக் கேட்கிறது. மசெரோஸ்கியின் அடி சரியாக 3.36க்கு வரும்படி நேரம் பார்த்துத் தொடங்குவார்கள். எட்டாவது இனிங்ஸ் அதற்கு முதல் வந்துபோய்விடும்.